கேட்டுச் சாப்பிடு தாயி: பிரெஞ்சு ரெஸ்டாரன்டுக்குப் போகும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

சோழபுரத்திலிருந்தும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் படித்து முடித்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போயிருக்கிற தங்கச்சிகள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: “அக்கா, ரெஸ்டாரன்ட் வீக்குன்னு போட்டிருக்காங்க. ஆபீஸ்ல எல்லாரும் பிரெஞ்சு ரெஸ்டாரன்டுக்குப் போறாங்க. நானும் போகட்டுமா, இல்ல வயிறு சரியில்லைன்னு சொல்லிரட்டுமா?”

போ தாயி. பொய் சொல்லித் தப்பிக்கிற அளவுக்கு அங்கே பயமுறுத்துகிற விஷயம் எதுவும் இல்லை. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும் என்கிற சில விஷயங்கள்தான் இருக்கின்றன. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த வாரம் யாருக்காக?

முதலில் இதைப் புரிந்துகொள். மற்றதெல்லாம் சுலபமாகிவிடும்.

1992-ல் நியூயார்க்கில் டெமாக்ரடிக் கட்சியின் தேசிய மாநாடு நடந்தது. ஊருக்குள் வந்து குவிந்தவர்களை நல்ல ரெஸ்டாரன்டுகளுக்கு வரவழைக்க, அந்த ஆண்டையே விலையாக்கி 19.92 டாலருக்கு மதியச் சாப்பாடு என்று அறிவித்தார்கள். அந்த ஏற்பாடு பிடித்துப்போய், ரெஸ்டாரன்ட் வீக் என்ற பழக்கம் மற்ற நகரங்களுக்கும் பரவியது. நம் நாட்டில் 2010-ல் மும்பையில் தொடங்கி டெல்லி, பெங்களூர் என்று போனது. பிரெஞ்சு சமையலுக்கென்றே தனியாக ஒரு நாளும் வந்தது. பிரான்ஸ் அரசின் வெளியுறவு அமைச்சகமும் அலென் டுகாஸ் என்ற பெயர்பெற்ற சமையல் கலைஞரும் சேர்ந்து, 2015 மார்ச் 19 அன்று ‘கூ த பிரான்ஸ்’ என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். அன்று ஐந்து கண்டங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெஸ்டாரன்டுகள் பிரெஞ்சு விருந்து பரிமாறின.

ரெஸ்டாரன்ட் வீக்கின் கணக்கு எளிது. வழக்கமாக மேசை காலியாக இருக்கும் நாட்களில், குறைத்த விலையில், முன்பே தீர்மானித்த மெனுவைக் கொடுப்பார்கள். மூன்று சுற்றுச் சாப்பாடு, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று பதார்த்தங்களில் ஒன்றை நீ தேர்ந்தெடுக்கலாம். இதுவரை அந்த வாசலை மிதிக்காதவர்களை உள்ளே வரவழைப்பதுதான் நோக்கம். அப்படியென்றால் அந்த வாரம் அவர்கள் காத்திருப்பதே உன்னைப் போன்ற புதியவர்களுக்காகத்தான். நீ கேள்வி கேட்பாய் என்பது அவர்களுக்குத் தெரியும். பதில் சொல்வதும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

மேசை பதிவு செய்யும்போதே கேட்டுவிடு

ஆப்பில் பதிவு செய்தாலும் ஒருமுறை போன் போட்டுப் பேசு. தமிழிலேயே பேசலாம். இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்:

• விலை ஒரு ஆளுக்கா, இரண்டு பேருக்கா?
• வரி அதில் சேர்ந்ததா, தனியா?
• குடிக்கிற பானங்கள் அதில் அடங்குமா?
• சைவத்துக்குத் தனி மெனு உண்டா?
• மெனுவில் இருந்தும் கூடுதல் காசு கேட்கிற பதார்த்தம் ஏதாவது உண்டா?
• எத்தனை மணிக்குள் மேசையைக் காலி செய்ய வேண்டும்?
• முன்பணம் கட்டினால், வர முடியாமல் போகும்போது திருப்பித் தருவீர்களா?

மதியம், இரவு இரண்டுக்கும் இடமிருந்தால் மதியத்தையே எடு. பெரும்பாலும் விலையும் குறைவு, திரும்பி வருவதும் சுலபம்.

நீ சாப்பிடாதது எதுவோ அதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடு. மாட்டுக்கறி வேண்டாம், பன்றிக்கறி வேண்டாம், முட்டை ஆகாது, வேர்க்கடலை சாப்பிட்டால் உடம்பு தடிக்கும், புரட்டாசி விரதம் என்று எதுவானாலும் சரி. பிரெஞ்சு சமையலில் சூப்புக்கும் சாஸுக்கும் எலும்புச் சாறு முதல் நாளே கொதிக்க ஆரம்பித்துவிடும். நீ போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் அதை மாற்ற முடியாது. முன்பே சொன்னால் உனக்கென்று தனியாகச் செய்ய வழியிருக்கும்.

பில் கணக்கு

மெனுவில் தலைக்கு 2,000 ரூபாய் என்று போட்டு, வரி தனி என்றால் எவ்வளவு வரும்? தனி ரெஸ்டாரன்டாக இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆக 2,100 ரூபாய். 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் 18 சதவீதம், ஆக 2,360 ரூபாய். ஒரே மெனு விலைக்கு 260 ரூபாய் வித்தியாசம். அதனால் எங்கே இருக்கிற ரெஸ்டாரன்ட் என்று பார்த்துக்கொண்டு போ.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒன்று இருந்தால், அது அரசு வரி அல்ல. அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரியென்றது. “இதை எடுத்துட்டு பில் குடுங்க” என்று நிதானமாகச் சொல். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பரிமாறியவர் நன்றாகக் கவனித்துக்கொண்டார் என்று தோன்றினால், உன்னால் முடிந்ததை அவர் கையிலேயே கொடு. அது உன் விருப்பம்.

தண்ணீரில் கவனம். உட்கார்ந்ததும் “ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?” என்று கேட்பார்கள். இரண்டுமே பாட்டில் தண்ணீர்தான், ஒன்று சாதாரணமானது, இன்னொன்று சோடா போல் வாயு ஏற்றியது. ரெஸ்டாரன்டில் பாட்டில் தண்ணீருக்கு எம்ஆர்பிக்கு மேலும் விலை வைக்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “ரெகுலர் வாட்டர் போதும்” என்று சொல். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

ஒயின் வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டாமென்றால் “வேண்டாங்க” என்ற ஒரு சொல் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உடையும் நேரமும்

சுங்குடியோ கைத்தறிச் சேலையோ நல்ல சுடிதாரோ எந்த ரெஸ்டாரன்டுக்கும் பொருத்தம்தான். உனக்குப் பழகிய உடையைப் போட்டுக்கொள், புதுச் செருப்பு வேண்டாம். தம்பிகளுக்கு மட்டும் ஒன்று: சில இடங்களில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் அனுமதிக்க மாட்டார்கள், முழுக்கால் சட்டையும் ஷூவும் போட்டுப் போங்கள்.

மூன்று சுற்றுச் சாப்பாடு முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும், இரண்டு மணியும் ஆகலாம். ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், கடைசி மெட்ரோ எத்தனைக்கு என்று முதலில் பார். இனிப்பு வருவதற்குள் ஓட வேண்டிய நிலைமை வந்தால் கொடுத்த காசு வீண். அகோரப் பசியோடும் போகாதே. முதல் தட்டு வரவே நேரமாகும், அதற்குள் ரொட்டியைத் தின்றே வயிற்றை நிரப்பிவிடுவாய்.

மெனு கார்டில் என்ன இருக்கிறது?

முதலில் வருவதை ‘ஆந்த்ரே’ என்றும், நடுவில் வருவதை ‘ப்ளா’ என்றும், கடைசி இனிப்பை ‘டெசேர்’ என்றும் போட்டிருப்பார்கள். மூன்றிலும் ஒவ்வொன்று எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உனக்கு ஒத்துவருவது எது என்பதைப் பார்ப்போம்.

பிரான்ஸின் வடக்கே நார்மண்டி பக்கம் வெண்ணெய், கிரீம், ஆப்பிள் என்று சமைப்பார்கள். தெற்கே மத்தியதரைக் கடலோரமான ப்ரொவான்ஸில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, தக்காளி, கத்தரிக்காய். பூண்டும் தக்காளியும் தின்று வளர்ந்த நம் நாக்குக்குத் தெற்கிலிருந்து தொடங்குவது நல்லது.

ரட்டாட்டூயி என்று இருந்தால் தயங்காமல் எடு. கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளி, சுக்கினி எல்லாம் ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வெந்தது. மீன் பிடிக்குமென்றால் பூயாபேஸ்: மார்சேய் துறைமுகத்து மீனவர்களின் குழம்பு, பல வகை மீன், தக்காளி, குங்குமப்பூ. கிராதான் தோஃபினுவா என்பது மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கைப் பாலிலும் கிரீமிலும் பூண்டு சேர்த்து அடுப்புக்குள் வேகவைத்தது.

கோழி வேண்டுமென்றால் கோக் ஓ வான் இருக்கும். அது ஒயினில் ஊறி வெந்த கோழி, பன்றி இறைச்சித் துண்டும் போடுவது வழக்கம். ஒயின் கொதித்தால் சாராயம் முழுவதும் ஆவியாகிவிடாது, கொஞ்சம் தங்கும். வேண்டாம் என்பவர்கள் வேறு கோழியைக் கேட்கலாம். பஃப் பூர்கின்யோன் மாட்டுக்கறி. ஃபுவா க்ரா வாத்து அல்லது வாத்தினப் பறவையின் கொழுத்த ஈரல். எஸ்கார்கோ நத்தை. டக் கான்ஃபி, வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைத்தது.

ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ எடுத்தால் “எப்படி வேகணும்?” என்று கேட்பார்கள். அவர்கள் வழக்கம் உள்ளே சிவப்பாக விடுவது. நம் வீட்டுச் சுக்கா போல் நன்றாக வெந்திருக்க வேண்டுமென்றால் “வெல் டன்” என்று சொல். பிரெஞ்சில் அதற்கு ‘பியான் க்வீ’.

இனிப்பில் முதல் முறைக்கு கிரெம் ப்ருலே. முட்டை மஞ்சள்கருவும் கிரீமும் சேர்ந்த கெட்டிப் பால், மேலே சர்க்கரையைத் தீயில் உருக்கிக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருப்பார்கள். கரண்டியால் மேலே தட்டி உடைத்துச் சாப்பிடு. முட்டை ஆகாது என்றால் கிரெம் ப்ருலே, சாக்லேட் மூஸ், மாக்கரோன் மூன்றும் வேண்டாம். பழக்கூழில் செய்த சோர்பே இருக்கிறதா என்று கேள்.

சைவம் சாப்பிடுகிறாயா? கூடுதல் கவனம்

பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள் இவை:

• பிரெஞ்சு ஆனியன் சூப்: வெங்காயம்தான், ஆனால் மரபாக அதன் சாறு மாட்டெலும்பில் செய்தது. காய்கறிச் சாறில் செய்ததா என்று கேள்.
• கீஷ்: முட்டை, கிரீம் நிரப்பிய அடை. ‘கீஷ் லொரேன்’ என்றால் பன்றி இறைச்சியும் உண்டு.
• நீஸ் சாலட்: மேலே நெத்திலி வகை மீனோ சூரை மீனோ இருக்கும்.
• மூஸ், ஜெல்லி வகைகள்: கெட்டியாக்க ஜெலட்டின் சேர்த்திருக்கலாம். அது விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுப்பது.
• பழைய முறைச் சீஸ் வகைகள்: பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனட் சேர்ப்பார்கள். ஆசாரமாகச் சைவம் பார்ப்பவர்கள் “வெஜிடேரியன் ரெனட்டா?” என்று கேட்டுவிடுங்கள்.

“இதுல கறி இருக்கா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “சாறு எதுல செஞ்சது? முட்டை, மீன், ஜெலட்டின் இருக்கா?” என்று பெயர் சொல்லிக் கேள். சர்வருக்குத் தெரியாவிட்டால் அடுக்களையில் விசாரித்துச் சொல்லச் சொல். நல்ல ரெஸ்டாரன்டில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

மேசையில்

துணி நாப்கினை மடியில் விரித்துக்கொள். சேலைக்கும் அது பாதுகாப்பு. முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம் இருக்கும். நிறைய வைத்திருந்தால் வெளியே இருப்பதிலிருந்து ஆரம்பித்து உள்ளே வா, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஜோடி. நடுவில் கொஞ்சம் நிறுத்தினால் இரண்டையும் தட்டில் பிரித்துச் சாய்த்து வை. முடிந்துவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வை. அதைப் பார்த்துத்தான் தட்டை எடுப்பார்கள்.

இடது கையில் முள்கரண்டி வசப்படாவிட்டால், முதலில் நறுக்கிவிட்டு வலது கைக்கு மாற்றிச் சாப்பிடு. ஸ்பூன் வேண்டுமென்றால் கேட்டு வாங்கு. ரொட்டியை மட்டும் எல்லாரும் கையால்தான் பிய்த்துச் சாப்பிடுவார்கள், பிரெஞ்சுக்காரர்களும் அப்படியே. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துண்டாகப் பிய்த்துக்கொள்.

தட்டைப் பார்த்ததும் “இவ்வளவுதானா?” என்று தோன்றலாம். சாஸ் ஒரு கரண்டிகூட இருக்காது. அது நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாதிரி: பால் சுண்டச் சுண்ட அளவு குறைந்து ருசி ஏறுகிறதல்லவா, அதேபோல் எலும்புச் சாற்றைப் பல மணி நேரம் சுண்டவைத்து எடுத்தது அந்தச் சாஸ். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சமாகத் தொட்டுச் சாப்பிட்டால் கடைசி வரை வரும். காரம் இருக்காது. வெண்ணெய், தைம், பிரிஞ்சி இலை, பார்ஸ்லி என்று மணமே முன்னால் நிற்கும். முதல் இரண்டு வாய் அப்படியே சாப்பிட்டுப் பார், பிறகு தேவையென்றால் மிளகுத்தூள் கேள்.

காபி இனிப்புக்குப் பிறகுதான் வரும். பால் இல்லாத, சின்னக் கோப்பைக் கடுங்காபி. பால் வேண்டுமென்றால் முன்பே சொல். அது மெனு விலையில் அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்.

அவசரப்படாதே. 2010-ல் யுனெஸ்கோ பிரெஞ்சு விருந்து மரபைக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் முக்கியமாகச் சொல்லப்பட்டது, நல்ல நாளில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிற அந்த வழக்கத்தைத்தான். போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு பேசு.

அம்மா அப்பாவோடு போக: புதுச்சேரி

வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று நினைத்தால் புதுச்சேரியை விட நல்ல இடம் இல்லை. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர், சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏறினால், விடிவதற்கு முன்பே விழுப்புரத்தில் இறங்கலாம். அங்கிருந்து பஸ்ஸில் புதுச்சேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

கடற்கரையை ஒட்டிய ஒயிட் டவுன் பகுதியில் சஃப்ரேன் வீதியில் வில்லா சாந்தி போன்ற பழைய வீட்டு ரெஸ்டாரன்டுகள் இருக்கின்றன. முழுச் சாப்பாட்டுக்குச் செலவு செய்ய யோசனையாக இருந்தால் புஸ்ஸி வீதியில் பேக்கர் ஸ்ட்ரீட் என்ற பிரெஞ்சு பேக்கரிக்குப் போங்கள். கீஷ், குரோசான், பழ டார்ட் என்று கண்ணால் பார்த்துக் கைநீட்டி வாங்கலாம், மெனு கார்டுக்கே வேலையில்லை.

அம்மாவுக்கு அங்கே தெரிந்த மணம் ஒன்றும் கிடைக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் சேர்த்து விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காயவைக்கிற நம் வடகம், புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சு அடுக்களைக்குப் போயிருக்கிறது. மெனுவில் ‘வடுவான்’ என்று இருந்தால் அதுதான். புதுச்சேரிக் குடும்பங்கள் பிரெஞ்சு முறையையும் நம் மசாலாவையும் கலந்து சமைக்கிற கிரியோல் பதார்த்தங்கள் கிடைத்தால், பெரியவர்களுக்கு அதையே சொல்லுங்கள்.

அவர்களோடு போகும்போது மதிய வேளையில் போ. அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கே மேசை கேள். சூப்பும் ரொட்டியும் முதலில் வந்துவிடும்படி சொல். ஆளுக்கொரு பதார்த்தம் எடுத்து நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள், கூடுதல் தட்டு கேட்டால் தருவார்கள். அப்பா கையால் சாப்பிடப் பிரியப்பட்டால் தடுக்காதே. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காரட்டும், நீ அவர் பக்கத்தில் உட்கார். அவர் கூச்சப்படாமல் சாப்பிடுவது உன் முகத்தைப் பொறுத்தது.

கடைசியாக ஒன்று

சாப்பிட்டு முடித்ததும், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று சர்வரிடம் சொல்லிவிட்டு வா. பிடித்ததன் பெயரையும் அதில் என்ன சேர்ந்திருந்தது என்பதையும் போனில் குறித்துக்கொள். அடுத்த முறை ஆபீஸில் இன்னொரு ஊர்ப்பெண் புதிதாகச் சேர்ந்து “நான் வரலப்பா, நீங்க போயிட்டு வாங்க” என்று ஒதுங்கி நிற்பாள். அப்போது அந்தக் குறிப்பை அவளுக்கு அனுப்பு. மேசை பதிவு செய்யும்போது அவளுக்கும் சேர்த்துச் சொல். விலை, வரி, சாறு, முட்டை எல்லாவற்றையும் அவள் கேட்கத் தயங்கினால் அவளுக்காக நீ கேள்.